வராத அறிவிப்பு

அரிவாளின் முதல் வீச்சு குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கம்பியில் விழுந்தது. பாட்டில் தரையில் மோதி உருண்டது. கட்டிலில் ஒரு கை விலங்கோடு படுத்திருந்த கௌஸ் பாஷாவால் நகர முடியவில்லை. கண்களை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டார். இரண்டாவது வீச்சு அவர் கழுத்தில் இறங்குவதற்குள் துர்காதேவி தான் உட்கார்ந்திருந்த இரும்பு ஸ்டூலைத் தூக்கிக் குறுக்கே நீட்டினாள்.

வெட்ட வந்தவன் மாணிக்கவேல். முந்தின நாள் கொலையான வெங்கடேசனின் தம்பி. தறியில் உட்கார்ந்து உரமேறிய தோள்கள். ஸ்டூலோடு சேர்த்து அவளைச் சுவரில் தள்ளினான். பின்மண்டை மோதிய வேகத்தில் அவளுக்குக் கண் இருட்டியது. அவளுடைய உதவியாளன் ரெஹான் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினான். முழங்கை ஒன்று ரெஹானின் வாயில் விழுந்தது. அந்த இடைவெளி போதுமாக இருந்தது. ஸ்டூலின் விளிம்பை மாணிக்கவேலின் மணிக்கட்டில் ஓங்கி இறக்கினாள் துர்காதேவி. எலும்பு முறிந்த சத்தம் பக்கத்துக் கட்டில்வரை கேட்டது. அரிவாள் தரையில் விழுந்தது.

டீ குடிக்கப் போயிருந்த காவல் போலீஸ்காரர் அப்போதுதான் ஓடி வந்தார்.

"எங்க அண்ணனைக் கொன்னுட்டு இவன் இங்க சொகுசா படுத்துக்கினு இருக்கான்" என்றான் மாணிக்கவேல், கையைப் பிடித்துக்கொண்டு. "இன்னைக்கி இல்லன்னா நாளைக்கி. நீங்க எத்தினி நாளு மேடம் குறுக்க நிப்பீங்க?"

ரெஹான் உதட்டு ரத்தத்தைத் துடைத்தான். "இன்னைக்கி ஒரு நாளு டைம் குடுப்பா. அதுக்கு மேல ஸ்டூலும் தாங்காது, என் பல்லும் தாங்காது."

துர்காதேவி பல வருடம் சப் இன்ஸ்பெக்டராக இருந்து, வேலையை உதறிவிட்டு, ரங்கசாமி குளத்தருகே ஒரு பூக்கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். ரெஹான் அவளிடம் சேருவதற்கு முன் செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தான். வாய் அதிகம் என்று துரத்தப்பட்டதாக அவனே பெருமையாகச் சொல்வான். இருவரையும் அன்று காலை வரவழைத்தவள் பாஷாவின் மனைவி நஸ்னீன். இத்தனை நேரமும் அவள் கட்டிலின் மறுபக்கம் நின்று, கணவர்மேல் கவிழ்ந்து அவரை மறைத்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் நிமிர்ந்தாள்.

நடந்தது இதுதான். வெங்கடேசனும் அவர் மனைவி சத்யப்ரியாவும் சேர்ந்து 'கோர்வை' என்ற மென்பொருளை உருவாக்கியிருந்தார்கள். சேலையின் பார்டரை, முந்தானையைக் கணினியில் வரைந்தால் போதும். தறியில் டிசைன் விழுவதற்கான அட்டைகளில் எங்கெங்கே ஓட்டை போட வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். ஊரில் டிசைன் வரைகிற பெரும்பாலானவர்களிடம் அது இருந்தது. ஒலிமுகமதுபேட்டையில் நஸ்னீன் டிசைன் வரைவாள், பாஷா அட்டை அடித்துக் கொடுப்பார்.

போன மாதம் நஸ்னீனின் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. புதிய பதிப்பு தயார், போடலாமா என்று கேட்டது. போட்டாள். மறுபடி திறந்தபோது அவள் பல வருடங்களாக வரைந்த டிசைன்கள் ஒன்றுகூட இல்லை. சின்ன காஞ்சிபுரத்தில் டிசைன் கடை வைத்திருக்கும் ஆதிகேசவன் விஷயம் கேள்விப்பட்டு உதவிக்கு வந்தார். கணினியைத் தன் கடைக்கே எடுத்துப்போய் வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, எல்லாமே அழிந்துவிட்டது என்று கையை விரித்துத் திருப்பிக் கொடுத்தார். பாஷா நேரே வெங்கடேசனின் அலுவலகத்துக்குப் போய், பத்துப் பேர் பார்க்க அவரைக் கன்னத்தில் அறைந்தார். கொல்லாமல் விடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

நேற்றுப் பகலில் அதே அலுவலகத்தில் யாரோ வெங்கடேசனை இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றார்கள். மண்டை பிளந்திருந்தது. மேசையிலிருந்த லேப்டாப்பும் நொறுங்கிக் கிடந்தது. மாடிப்படியில் சட்டையெல்லாம் ரத்தத்தோடு இறங்கி வந்தவர் கௌஸ் பாஷா. தெருவே அவர்மேல் பாய்ந்தது. செங்கல்லாலும் காலாலும் அவரை அடித்ததில் விலா எலும்புகள் முறிந்து, தாடை வீங்கி, போலீஸ் வந்துதான் உயிரோடு மீட்டது.

பாஷாவால் சரியாகப் பேச முடியவில்லை. நஸ்னீன்தான் சொன்னாள். நேற்றும் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. அவள் அதை அவருக்கு வாசித்துக் காட்டினாள். புதிய பதிப்பு தயார் என்பதோடு கீழே இன்னொரு வரியும் இருந்தது: 'சென்ற முறை டிசைன்களை இழந்தவர்கள் எங்களை மன்னிக்கவும். அவை உங்களிடம் திரும்பி வரும்.'

"அதக் கேட்டதும் எழுந்துட்டாருக்கா" என்றாள் நஸ்னீன். "அந்த மனுஷன் எல்லாருக்கும் தெரியற மாதிரி மன்னிப்பு கேட்டுட்டாரு, நான் அறைஞ்சதுக்கு அவருகிட்ட மன்னிப்பு கேக்கலன்னா எப்படின்னு சொல்லிட்டுத்தான் போனாரு. போய்ப் பாத்தா ரத்தத்துல கெடந்தாராம். தூக்கி மடியில வெச்சிருக்காரு. அவ்ளோதான்."

அறிவிப்பு வந்ததை இன்ஸ்பெக்டர் கந்தனும் நம்பினார். அதுதான் சிக்கல். ஏனென்றால் இன்னொருவரும் அதைப் பார்த்திருந்தார். தன் கடையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தபோது அதே அறிவிப்பு வந்ததாகவும், அந்த மன்னிப்பு வரியைப் படித்து வெங்கடேசனுக்காகப் பரிதாபப்பட்டதாகவும் ஆதிகேசவன் சாட்சி சொல்லியிருந்தார். அப்படியென்றால் அறிவிப்பை அனுப்பியபோது வெங்கடேசன் உயிரோடு இருந்தார். ஆதிகேசவன் தன் கடையில் இருந்தார். அதன் பிறகு மாடி ஏறியதாகத் தெரிந்தது பாஷா ஒருவர்தான். கணக்கு முடிந்தது என்பது கந்தனின் எண்ணம்.

துர்காதேவி பின்மண்டையைத் தடவிக்கொண்டே வெளியே வந்தாள். ஒரே அறிவிப்பை இரண்டு பேர் பார்த்ததாகச் சொல்கிறார்கள், ஒருவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டாயிற்று, இனி அறிவிப்பைப் பற்றிக் கேட்போம் என்றாள். அதைச் சொல்லக்கூடியவள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள்.

பிள்ளையார்பாளையத்தில் சத்யப்ரியாவின் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பிரேதம் இன்னும் வந்து சேரவில்லை. உறவுப் பெண்களுக்கு நடுவில் அவள் அழாமல் உட்கார்ந்திருந்தாள். பாஷாவின் தரப்பிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் ஓர் அம்மாள் துர்காதேவியின் முகத்தில் துப்பினாள். துர்காதேவி முந்தானையால் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். சத்யப்ரியா எழுந்து அவர்களை உள்ளறைக்குக் கூட்டிப்போனாள்.

அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பாஷா வந்து அறைந்துவிட்டுப் போனதிலிருந்து வெங்கடேசன் தூங்கவில்லை. அந்த டிசைன்கள் எப்படிப் போயின என்று ராப்பகலாகத் தேடினார். கடைசியில், அவை அழியவில்லை, யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். யார் என்று சொல்லவில்லை.

அழியவில்லை என்றால் எங்கே போயின என்று துர்காதேவி கேட்டாள்.

சத்யப்ரியா நிதானமாக விளக்கினாள். கோர்வையை இரண்டு வழியில் வாங்கலாம். கணினியோடு வரும் ஸ்டோரிலிருந்து எடுக்கலாம். இல்லை, அவர்களுடைய வெப்சைட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். நஸ்னீன் முதலில் வைத்திருந்தது ஸ்டோரில் எடுத்தது. ஆனால் போன மாத அறிவிப்பு இரண்டு வகைக்கும் போனது. அவள் சரி என்றதும், பழையது அப்படியே இருக்க, வெப்சைட்டின் பிரதி தனியாக வந்து உட்கார்ந்துவிட்டது. டிசைன்கள் பழையதில் பத்திரமாக இருந்தன. புதியதைத் திறந்து பார்த்தவளுக்கு அது காலியாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

"அதுக்கப்புறம் அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தவங்கதான் பழசைக் காப்பி பண்ணிக்கினு அழிச்சிருக்கணும்" என்றாள். "தப்பு எங்க மேலயும் இருக்குது மேடம். ஸ்டோர்ல எடுத்தவங்களுக்கு நாங்க அறிவிப்பே காட்டியிருக்கக் கூடாது. அவங்களுக்கு ஸ்டோரே புதுசைப் போட்டுடும். அந்த வாரமே அதை நிறுத்திட்டோம். இப்ப வெப்சைட்ல எடுத்தவங்களுக்கு மட்டும்தான் அறிவிப்பு வரும்."

"வீட்டுக்கே பாக்கெட் பால் வர்றவங்களுக்கு பால் வந்துருக்குன்னு போன் பண்ணக் கூடாது" என்றான் ரெஹான். "கடைக்கி வந்து வாங்கறவங்களுக்குத்தான் சொல்லணும்."

சத்யப்ரியா முதல் முறையாக அவனை நிமிர்ந்து பார்த்து, அதேதான் என்றாள்.

நிறுத்தியது ஸ்டோரில் எடுத்தவர்களுக்குத் தெரியுமா என்று துர்காதேவி கேட்டாள். யாரிடமும் சொல்லவில்லை, அறிவிப்பு வராததை யார் கவனிக்கப்போகிறார்கள் என்றாள் சத்யப்ரியா. ஆதிகேசவன் எந்த வகை வைத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்டோர் பெயர்களைத் தருவதில்லை. ஆனால் வெங்கடேசனின் லேப்டாப்பில் இருந்தது வெப்சைட் பிரதி. புதிய பதிப்பை அனுப்பிய உடனே அறிவிப்பு சரியாக வருகிறதா என்று அவர் முதலில் அதில்தான் பார்ப்பார்.

துர்காதேவி வாசலில் காத்திருந்த பெண்களைத் தாண்டி வந்து வண்டியில் ஏறியதும், வாலாஜாபாத்தில் ஸ்டோர் பிரதி வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவரைப் போனில் பிடித்துக் கேட்கும்படி ரெஹானிடம் சொன்னாள். அவருக்கு நேற்று எந்த அறிவிப்பும் வரவில்லை. கந்தனுக்கும் போன் போட்டாள். கையில் ஏதாவது கிடைத்தால் மட்டும் கூப்பிடுங்கள் என்று அவர் வைத்துவிட்டார்.

ஆதிகேசவனின் கடை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஒரே நீள அறை. நடுவில் அட்டையில் ஓட்டை போடும் இயந்திரம். உத்தரத்திலிருந்து, நூலால் கோர்த்த அட்டைச் சரங்கள் கனமாகத் தொங்கின. ஆதிகேசவனுக்கு நெற்றியில் திருமண், நறுவிசாகத் தேய்த்த வெள்ளைச் சட்டை, ஐம்பது வயது. இருவரையும் உட்காரச் சொல்லிக் காபி வரவழைத்தார். ஆஸ்பத்திரியில் மாணிக்கவேல் செய்ததைக் கேட்டு மிகவும் வருத்தப்பட்டார்.

ரெஹான் தன் தங்கைக்குக் கல்யாணம் என்றும், நல்ல பார்டர் வேண்டும் என்றும், விலை கேட்டால்தான் கல்யாணம் நடக்குமா என்று தெரியும் என்றும் சொல்லி, அவர் சம்மதத்தோடு கணினி முன்னால் உட்கார்ந்தான். ஆதிகேசவன் சிரித்தார்.

நேற்று வந்த அறிவிப்பை இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று துர்காதேவி கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை.

"சென்ற முறை டிசைன்களை இழந்தவர்கள் எங்களை மன்னிக்கவும், அவை உங்களிடம் திரும்பி வரும்னு போட்டிருந்தாரும்மா. பாவம், நல்ல மனுஷன். நான் அப்புறம் பாத்துக்கலாம்னு மூடிட்டேன். இன்னும் புதுசைப் போடல."

"இதே கம்ப்யூட்டர்லதானே?"

"வேற எது இருக்குது எங்கிட்ட?"

ரெஹான் கோர்வையைப் பற்றிய சின்ன ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். எந்த வழியில் எடுத்தது என்று அதில் ஒரு வரி இருந்தது. அவன் திரும்பாமலே சொன்னான்:

"மேடம், இது வீட்டுக்குப் பால் போடற கேஸு."

துர்காதேவி காபித் தம்ளரைக் கீழே வைத்தாள். ஸ்டோரில் எடுத்த பிரதிக்கு நேற்று அறிவிப்பே வரவில்லை என்று அவரிடம் சொன்னாள். ஆதிகேசவனின் முகம் மாறவில்லை. போன மாதம்வரை வந்ததே என்றார். போன மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள் என்றாள் அவள். அப்படியானால் வேறு யாரோ சொல்லிக் கேட்டிருப்பேன், வயதாகிவிட்டது, குழம்பிவிட்டேன் என்றார். குரலில் நடுக்கம் இல்லை. கோர்ட்டில் அதையே சொன்னாலும் சொல்லலாம் என்று துர்காதேவிக்குத் தோன்றியது. கையில் இருப்பது ஒரு பொய் மட்டும்தான்.

ரெஹான் மும்முரமாக டிசைன்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஒரு யாளி பார்டரைத் திறந்தவன் திரைக்கு அருகே குனிந்தான்.

"அய்யா, உங்க பேரு ஆதிகேசவன்தானே?" என்றான். "இங்க மூலையில வரைந்தவர் நஸ்னீன்னு போட்டிருக்குது."

அடுத்ததைத் திறந்தான். அதிலும் நஸ்னீன். அதற்கடுத்ததிலும்.

ஆதிகேசவன் எழுந்து போய், நிதானமாக ஷட்டரை இழுத்து இறக்கினார். அறை பாதி இருட்டானது. திரும்பியபோது இயந்திரத்தின் பின்னாலிருந்த இரும்புக் கம்பி அவர் கையில் இருந்தது.

துர்காதேவி தன்னைத்தான் அடிப்பார் என்று எதிர்பார்த்து விலகினாள். அவர் அவளைத் தாண்டிக் கணினியை நோக்கிப் பாய்ந்தார். லேப்டாப்பைப் போல இதையும் நொறுக்கினால் எல்லாம் போய்விடும். ரெஹான் எழுந்து ஓடவில்லை. திரைக்குக் கீழே இருந்த பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து அதன்மேல் கவிழ்ந்துகொண்டான். முதல் அடி அவன் முன்னங்கையில் விழுந்து எலும்பை முறித்தது. இரண்டாவது முதுகில் விழுந்தது. மூன்றாவதில் அவன் காதோரம் கிழிந்து ரத்தம் விசைப்பலகையில் தெறித்தது.

"மேடம்" என்றான் அவன் பெட்டிமேல் படுத்தபடியே. "கொஞ்சம் சீக்கிரம்."

துர்காதேவி தலைக்கு மேலே தொங்கிய அட்டைச் சரத்தை எட்டிப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தாள். கொக்கி பிய்ந்து, சரம் மொத்தமாக ஆதிகேசவனின் தலையில் சரிந்தது. அவர் தடுமாறிய நொடியில் சரத்தின் நூலை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டுப் பின்னால் இழுத்தாள். அவர் கம்பியைக் கண்மூடித்தனமாக வீசினார். அது அவள் தொடையில் இறங்கியது. கால் மரத்துப்போனது. அவள் நூலை விடவில்லை. இருவரும் தரையில் விழுந்தார்கள். அவர் அவள் கையைக் கடித்தார். பல் சதையில் இறங்கியது. அவள் மறுகையால் அவர் முடியைப் பிடித்து, இயந்திரத்தின் இரும்புக் காலில் நெற்றியை மோதினாள். மறுபடி மோதினாள். கம்பி உருண்டு போனது.

அவர் அசையாமல் கிடந்தபோது அவருடைய சட்டை முழுக்கச் சிவந்திருந்தது. யாருடைய ரத்தம் எது என்று சொல்ல முடியவில்லை. வெளியே சத்தம் கேட்டுக் கூடியவர்கள் ஷட்டரைத் தூக்கினார்கள். துர்காதேவி கந்தனுக்கு மறுபடி போன் போட்டாள்.

கந்தன் வந்து கைகளைப் பின்னால் கட்டி உட்காரவைத்த பிறகும் ஆதிகேசவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணப் புடவை விற்கும் பெரிய கடை ஒன்று தன் டிசைன்களுக்காகவே தன்னை ஒப்பந்தம் பேசியிருந்தது என்றார். வரைந்தவர் பெயர் கோர்வையின் ஒவ்வொரு டிசைனுக்குள்ளும் ஆரம்பத்திலிருந்தே பதிவாகியிருக்கிறது, புதிய பதிப்பு அதைத் திரையில் காட்டும், நீங்களே போய் பாஷாவிடம் ஒப்புக்கொள்ளுங்கள் என்று வெங்கடேசன் அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். ஆதிகேசவன் கம்பியை எடுத்துக்கொண்டுதான் போயிருந்தார். ஒப்பந்தம் முடியும்வரை பொறுக்கும்படி கெஞ்சினார். வெங்கடேசன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, அனுப்பியாகிவிட்டது, அறிவிப்பே வந்துவிட்டது பாருங்கள் என்றார்.

"அப்பத்தான் அடிச்சேன்" என்றார் ஆதிகேசவன். "அவரு விழுந்து துடிச்சிக்கினு இருந்தப்பவும் அது திரையில அப்படியே நின்னுக்கினு இருந்துச்சி. முழுசும் படிச்சேன். எல்லார் கம்ப்யூட்டருக்கும் வர்றதுதானே, என் கடைக்கும் வந்திருக்கும், அதையே சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

பிறகு, உண்மையாகவே புரியாதவர்போல துர்காதேவியைக் கேட்டார்:

"நான்தான் புதுசைப் போடவே இல்லையேம்மா. அந்தப் பேரு எப்படி வந்துச்சி?"

"ஸ்டோர்ல எடுத்தது உங்களைக் கேக்காது" என்றாள் அவள். "காலையிலயே தானா போட்டுக்கிச்சி."

கந்தன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பாஷாவின் விலங்கைக் கழற்றச் சொன்னார். மாணிக்கவேலிடம் தானே போய்ப் பேசுவதாகவும் சொன்னார். ரெஹானை ஆட்டோவில் ஏற்றினார்கள். தங்கச்சி கல்யாணம் நின்றுபோயிற்று, ஆனால் எனக்குத் தங்கச்சியே கிடையாது என்று ஆட்டோக்காரரிடம் விளக்கிக்கொண்டே மயங்கினான்.

துர்காதேவி காலை நீட்டி இயந்திரத்தில் சாய்ந்து உட்கார்ந்து நஸ்னீனைக் கூப்பிட்டாள். கொன்றவர் யார் என்பதைச் சொன்னாள். டிசைன்கள் பத்திரமாக இருப்பதையும் சொன்னாள். மறுமுனையில் நீண்ட நேரம் அழுகை மட்டும் கேட்டது. அழுது முடித்ததும், எந்த டிசைனைப் பார்த்தீர்கள் என்று நஸ்னீன் கேட்டாள்.

முதலில் கிடைத்தது யாளி பார்டர் என்றும், அந்தப் பெரிய கடை அதைத்தான் முதலில் வாங்கியதாக ஆதிகேசவன் சொன்னதாகவும் துர்காதேவி சொன்னாள்.

"அதையா வித்தாரு?" என்றாள் நஸ்னீன். "அது இன்னும் முடிக்கலக்கா. நான் கண்ணே வைக்கல."

துர்காதேவி நிமிர்ந்து பார்த்தாள். ரத்தம் தெறித்த திரையில் யாளிகள் வரிசையாக வாயைப் பிளந்து நின்றன. ஒன்றுக்கும் கண் இல்லை.